நேர்சிங் படிச்சுக்கொண்டே வன்னியில வீட்டுப் பராமரிப்பு வேலை தொடங்கிறது எப்பிடி

வன்னிக்குள்ள எந்த ஊருக்குப் போனாலும் படுக்கையில ஒரு ஆள் இருக்கிற வீடு கிட்டடியிலயே இருக்கும். சண்டைக்குள்ள முள்ளந்தண்டில காயப்பட்டு 2009 இலயிருந்து இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லாமல் இருக்கிற ஆக்கள், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த ஐயாமார், பிள்ளையள் எல்லாம் கனடா, லண்டன், சுவிஸ் எண்டு போய் தனிய இருக்கிற அம்மாமார், வவுனியா முல்லைத்தீவுப் பக்கம் கிட்னி வருத்தக்காரர். ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்ட அனுப்பினாப் பிறகு இவையளைப் பாக்கிறதுக்கு வீட்டில ஒரு மனுசி மட்டும்தான், அதுவும் அவவுக்கே முழங்கால் ஏலாது. அதால நேர்சிங் படிக்கிற பிள்ளையள் இந்த வேலையைத் தொடங்கலாமோ எண்டு கேட்டால் தொடங்கலாம், தொடங்கவும் வேணும். ஆனா ஒரு கோடு இருக்கு, அந்தக் கோட்டை முதல் நாளே கீறிப்போட்டுத்தான் தொடங்கோணும்.

அந்தக் கோடு என்னெண்டா நீங்கள் இன்னும் நேர்ஸ் இல்லை. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை தாதியர் சபையில பதிஞ்சு நம்பர் எடுத்த ஆள்தான் நேர்ஸ். நீங்கள் மூண்டாம் வருசமாய் இருந்தாலும், வாட்டில சிஸ்டருக்குப் பக்கத்தில நிண்டு எத்தினை ஊசி போட்டிருந்தாலும், அது சிஸ்டரின்ர பொறுப்பில நடந்தது, ஒரு வீட்டு அறைக்குள்ள நீங்கள் தனிய நிக்கேக்க அந்தப் பொறுப்பை எடுக்க ஒருத்தரும் இல்லை. அதால ஊசி போடுறது, சேலைன் ஏத்திறது, கதீற்றர் எண்ட சலக்குழாய் மாத்திறது, மூக்குக் குழாய் போடுறது, ஆழமான புண்ணுக்கு மருந்து கட்டுறது, குளிசையைக் கூட்டிக் குறைக்கிறது ஒண்டும் செய்யக்கூடாது. "பிள்ளை, நீ படிக்கிற பிள்ளைதானே, இந்த ஊசியை ஒருக்கா ஏத்திவிடன்" எண்டு ஆச்சி கேப்பா, கேக்காத வீடே இல்லை. ஏலாது எண்டு அண்டைக்கே அன்பாச் சொல்லிப்போடுங்கோ. ஒரு வீட்டில ஒருக்காச் செய்தால் அடுத்த நாள் ஊர் முழுக்கத் தெரியும், பிறகு இன்னொரு வீட்டில மறுக்கேலாது.

அப்ப மிச்சம் என்ன இருக்கு எண்டு கேப்பியள். உண்மையில மிச்சம்தான் பெரிசு. குளிக்க வாக்கிறது, உடுப்பு மாத்திறது, பம்பஸ் மாத்திறது, நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைக்கிறது, சாப்பாடு தீத்திறது, நடக்கப் பழக்கிறது, டிஜிற்றல் மெசினில பிரசரும் சீனியும் பாத்து எழுதி வைக்கிறது, குளிசை குடிக்கிற நேரத்தை நினைவுபடுத்திறது, கிளினிக் கொப்பியோட விடியப்பறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நம்பர் எடுத்து டொக்டர் சொன்னதை எழுதிக்கொண்டு வந்து வீட்டாக்களுக்கு விளங்கப்படுத்திறது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது மட்டும் செய்தாலே அது ஒரு தொழில். மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர், ஒட்டுசுட்டான் பக்கம் உள் ஒழுங்கையில இருக்கிற ஒரு ஐயா முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போய் வாறதெண்டா ஒரு பகல் முடிஞ்சுது, ஓட்டோக் காசும் போச்சு, கையில நாலு மருந்துப் பை, எது எப்ப எண்டு தெரியாது.

பேர் வைக்கிறதிலயும் கவனமா இருங்கோ. "நேர்சிங் சேர்விஸ்" எண்டு போட்டால் ஆக்கள் நேர்சிங்கைத்தான் எதிர்பார்ப்பினம், சட்டமும் உங்களை வேற கண்ணால பாக்கும். "வீட்டுப் பராமரிப்பு" எண்டு போடுங்கோ. படிக்கிற யூனிபோமோட ஒரு வீட்டுக்கும் போகாதேங்கோ.

அடுத்தது அனுமதி. அரசாங்கத் தாதியர் கல்லூரியில, வவுனியாவோ யாழ்ப்பாணமோ, படிக்கிற பிள்ளையள் கொடுப்பனவு எடுக்கிறியள், ஒப்பந்தமும் வைச்சிருக்கிறியள், அதால வெளியில காசுக்கு வேலை செய்யலாமோ எண்டு அதிபரிட்ட எழுத்தில கேட்டு எழுத்தில பதில் எடுங்கோ. வாய்ச்சொல் காணாது. இல்லை எண்டு வந்தால் சண்டை பிடிக்காமல் அம்மாவோ அக்காவோ வீட்டில வேற ஆரோ தங்கட பேரில பதிஞ்சு நடத்தட்டும், நீங்கள் லீவில வந்து பழக்கிற வேலையை மட்டும், அதுவும் காசு வாங்காமல், அதிபருக்குச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. கம்பசில படிக்கிற பிள்ளையளும் பிரைவேற்றில படிக்கிற பிள்ளையளும் தங்கட இடத்து விதியை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.

வியாபாரப் பெயர்ப் பதிவு உங்கட பிரதேச செயலகத்திலதான். முதல் விதானையாரிட்டப் போய்க் கடிதம் எடுத்து, ஐடென்ரி கார்ட் கொப்பி, வேலை நடக்கிற வீட்டின்ர உறுதியோ வாடகை ஒப்பந்தமோ எடுத்துக்கொண்டு போங்கோ, மிச்சத்தை அங்க கவுண்டரில சொல்லுவினம். இது பெரிய செலவில்லை. பதிஞ்சால்தான் பாங்கில வியாபாரப் பேரில எக்கவுண்ட் துறக்கலாம், வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் நம்பிக் காசு போடுவினம். பிறகொரு காலம் பதிஞ்ச நேர்ஸ்மாரை வைச்சு ஊசி, புண்ணுக்குக் கட்டுறது எல்லாம் செய்யப்போறியள் எண்டா அது தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்துக்குள்ள, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கம், வந்துவிடும், அப்ப மாகாண சுகாதாரப் பணிப்பாளரின்ர ஒபிசில கேக்கோணும். இப்ப அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

ஆரிட்ட ஆரம்பிக்கிறது? உங்கட வீட்டில இருந்து சைக்கிளில போகக்கூடிய தூரத்தில ரெண்டு வீடு. அதுக்கு மேல வேண்டாம். சனி ஞாயிறும் ஒப் நாளிலும் மட்டும் நீங்கள் போங்கோ, சோதினைக்கு ஒரு மாசம் முதலே நிப்பாட்டி வைக்கிறதெண்டு வீட்டாக்களுக்குத் தொடக்கத்திலயே சொல்லிப்போடுங்கோ. விதானையார், முதியோர் சங்கம், கோயில், சேர்ச், ஊர்ப் பாமசி, இந்த வழியாலதான் ஆக்கள் வருவினம். வெளிநாட்டில இருக்கிற ஊர்ச் சங்கத்து வட்ஸ்அப் குறூப்பில ஒரு ஆள் போட்டுவிட்டால் அடுத்த கிழமையே கோல் வரும். ஆனா ஒண்டு, வாட்டில கிளினிக்கல் செய்யிற நேரம் வருத்தக்காரரின்ர போன் நம்பர் வாங்கிறது, "வீட்ட போனாப் பிறகு நாங்கள் வந்து பாப்பம்" எண்டு கதைக்கிறது, வாட்டுக் கிளவுசையோ பஞ்சையோ பையுக்குள்ள வைக்கிறது, இதை ஒருநாளும் செய்யாதேங்கோ. அது களவு, உங்கட படிப்பும் போகும். அவையளா விசாரிச்சுக்கொண்டு உங்கட வீட்டுக்கு வரட்டும்.

நீங்கள் முழு நேரம் நிக்கேலாது, அதால உதவிக்கு ஆக்கள் வேணும். அதே ஊரில, அதே ஒழுங்கையில இருக்கிற பொம்பிளையளாப் பாருங்கோ. புருசன் இல்லாமல் பிள்ளையளை வளக்கிற அக்காமார் எங்கட பக்கம் கன பேர், மாமிக்கோ தாய்க்கோ வருசக்கணக்காப் பணிவிடை செய்த கை அவையின்ர. தொழிற்பயிற்சி அதிகாரசபையின்ர இடங்களில பராமரிப்பாளர் வேலைக்கு என்விக்யூ எண்ட தேசிய தொழிற் தகைமை மட்டத்துக்கு வகுப்பு இருக்கோ எண்டு கேட்டு அவையை அனுப்புங்கோ, அந்தச் சேட்டிபிக்கற் அவைக்கு வேற இடத்திலயும் உதவும். சம்பளத்தை ஒழுங்காக் குடுங்கோ. மாசச் சம்பளத்துக்கு ஆள் வைச்சால் ஈபிஎஃப் எண்ட சேமலாப நிதிக்கு உங்கட பக்கத்தால சம்பளத்தில 12 வீதம், அவையின்ர பக்கத்தால 8 வீதம், ஈரிஎஃப் எண்ட நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் உங்கட தலையில. ஏழைப் பொம்பிளையின்ர கூலியில பிடிச்சுத்தான் இந்த வேலையை நடத்தோணும் எண்டா நடத்தாமலே விடலாம்.

அவையைப் பழக்கிற விசயத்திலதான் உங்கட படிப்பின்ர பெறுமதி இருக்கு, அதால இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

படுக்கைப்புண் முதல். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டோணும், வீல்செயாரில இருக்கிற ஆள் எண்டா அரை மணித்தியாலத்துக்குள்ள ஒருக்காவாவது கையை ஊண்டி எழும்பி உடம்பைத் தூக்கி இறக்கோணும், ஏலாட்டி முன்னுக்கும் பக்கத்துக்கும் சரியோணும். ஒவ்வொரு நாளும் குளிக்க வாக்கேக்க குண்டிப்பக்கம், இடுப்பெலும்பு, குதி, முழங்கை எல்லாம் பாருங்கோ. சிவப்பா இருக்கிற இடத்தை விரலால அமத்தி எடுக்க வெள்ளையாகாமல் அப்பிடியே சிவப்பாவே இருந்தால் புண் தொடங்கிவிட்டுது எண்டு அர்த்தம், அந்த இடத்தில பாரம் படக்கூடாது, வீட்டாக்களுக்கு அண்டைக்கே சொல்லோணும். கறுத்த தோலில சிவப்பு வடிவாத் தெரியாது, சூடு, தடிப்பு, நிற மாற்றம் இருக்கோ எண்டு தொட்டும் பாருங்கோ. சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. எண்ணெய் போட்டு உருவினால் நல்லதெண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம், அது கீழ இருக்கிற சதையை இன்னும் பழுதாக்கும். குதிக்குக் கீழ தலையணி வைக்காமல் கெண்டைக்காலுக்குக் கீழ வையுங்கோ, குதி காத்தில நிக்கட்டும். வெளிநாட்டால காத்து மெத்தை வாங்கிக் குடுத்த வீடு எண்டாலும் புரட்டிறதை விடாதேங்கோ, கரண்ட் போனால் அந்த மெத்தை சும்மா றப்பர்தான்.

முள்ளந்தண்டுக் காயக்காரரிட்டப் போறியள் எண்டா இன்னொண்டு கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும். முள்ளந்தண்டில நெஞ்சு மட்டத்திலயோ அதுக்கு மேலயோ அடிபட்ட ஆக்களுக்கு, படிப்பில ரி6 எண்டு சொல்லுற நெஞ்சுப்பக்கத்து ஆறாவது முள்ளெலும்பும் அதுக்கு மேலயும், திடீரெண்டு தலை வெடிக்கிற மாதிரி இடி, முகம் சிவந்து வேர்த்து ஊத்திறது, பிரசர் ஏறிப்போறது வரும். கனக்க நேரம் காரணம் கதீற்றர் மடிஞ்சோ அடைபட்டோ சலம் தேங்கினது, இல்லாட்டி மலம் இறுகினது. உடன நிமித்தி இருத்தி, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடுப்பு பெல்ற் எல்லாம் கழட்டி, குழாய் எங்கயாவது மடிஞ்சிருக்கோ, பை நிரம்பிப்போச்சோ எண்டு பாத்துச் சரி செய்யுங்கோ. அப்பிடியும் குறையாட்டி 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ, சுணங்கினால் மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். இவையளில கன பேர் இளம் வயசில படுத்தவை, மனமும் சோர்ந்து போயிருக்கும். "இருந்து என்ன செய்ய" எண்ட கதை வந்தால் கதையை மாத்தாமல் பக்கத்தில இருந்து கேளுங்கோ, வீட்டில ஒராளுக்குச் சொல்லுங்கோ, 1926 எண்ட மனநல உதவி நம்பரை சுவரில எழுதி ஒட்டுங்கோ.

பாரிசவாதம் வந்த ஆளை ஏலாத கையில பிடிச்சு இழுக்கக்கூடாது, அக்குளுக்குள்ள கை குடுத்துத் தூக்கவும் கூடாது, தோள்மூட்டு விலகிப்போடும். இடுப்பில ஒரு சாறத்தை மடிச்சுக் கட்டி அதில பிடியுங்கோ. கிணத்தடியில வைச்சுக் குளிக்க வாக்கிறது எங்கட வழக்கம், ஆனா பாசி பிடிச்ச சீமெந்தில ஒரு கால் இழுபட்டுக்கொண்டு நிக்கிற ஆள் விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. கிணத்தடியை பிரஷ் போட்டு உரஞ்சி, வழுக்காத பிளாஸ்ரிக் கதிரை ஒண்டு வைச்சு, வாளியில தண்ணி நிறைச்சு வைச்சுப்போட்டு அதுக்குப் பிறகுதான் ஆளைக் கூட்டிக்கொண்டு வரோணும்.

சாப்பாட்டு விசயம். விழுங்கக் கஸ்ரப்படுற ஆளுக்கு புட்டு குடுக்காதேங்கோ, உதிர்ந்து தொண்டைக்குள்ள போய்ப் புரைக்கேறும். இடியப்பத்தைச் சொதியில ஊறவைச்சு நல்லா மசிச்சு, இல்லாட்டிக் கொஞ்சம் தடிச்ச கஞ்சி, சின்னக் கரண்டியால, நிமிர்ந்து இருக்க வைச்சு, முதல் வாயை விழுங்கினாப் பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடாதேங்கோ. வெறும் தண்ணி, தேத்தண்ணி குடிக்கேக்க இருமினால் அதை வீட்டாக்கள் கிளினிக்கில சொல்லோணும். கிட்னி வருத்தக்காரருக்கு இளநி குடுக்கக்கூடாது. வெய்யில் காலத்தில அன்பால வெட்டிக் குடுப்பினம், ஆனா அதில பொற்றாசியம் கூட, கிட்னி வெளியேத்தாமல் ரத்தத்தில கூடினால் இருதயம் நிண்டுபோகலாம். எவ்வளவு தண்ணி குடிக்கலாம் எண்டதும் டொக்டர் சொன்ன அளவுதான்.

சீனி வருத்தக்காரர் வேர்த்து நடுங்கிக் குழம்பிக் கதைச்சால் மெசினில பாருங்கோ. 70க்குக் கீழ எண்டா மூண்டு தேக்கரண்டி சீனி தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிசத்தால திரும்பப் பாருங்கோ. மெசின் இல்லாட்டி மெசினுக்காகக் காத்திருக்காமல் சீனியைக் குடுங்கோ. நினைவில்லாத ஆளுக்கு வாயில ஒண்டும் விடக்கூடாது, சரிச்சுப் படுக்க வைச்சுப்போட்டு 1990. வாய் கோணி, கை விழுந்து, கதை குழறினால் எப்ப தொடங்கினது எண்டு நேரத்தை எழுதிப்போட்டு உடன 1990, மூளைக்குப் போற ரத்தக்குழாயில இருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். இந்த அம்புலன்ஸ் வடக்குக்கு 2018 இல வந்தது, காசில்லை. ஆனா உள் ஒழுங்கை எண்டா வழி சொல்லத் தெரியோணும், அதால ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தச் சந்தியில திரும்பிறது, பக்கத்தில என்ன கோயில், என்ன பள்ளிக்கூடம் எண்டு ஒரு கடதாசியில எழுதி போனுக்குப் பக்கத்தில ஒட்டி வையுங்கோ.

வாங்க வேண்டிய சாமான் கனக்க இல்லை. மேற்கையில கட்டுற டிஜிற்றல் பிரசர் மெசின், சீனி பாக்கிற மெசின், தேர்மோமீற்றர், கிளவுஸ் பெட்டி, ஏப்ரன், சவுக்காரம், சலம் அளக்கிற சாடி, ரோச். சீனி பாத்த ஊசியை ஒரு தடிச்ச பிளாஸ்ரிக் போத்திலுக்குள்ள போட்டு மூடி ஆஸ்பத்திரியில குடுக்கோணும், வளவுக்குள்ள குப்பையோட எரிக்கக்கூடாது, சின்னப் பிள்ளையள் வெறுங்காலோட ஓடித் திரியிற இடம். ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு சீஆர் கொப்பி. திகதி, நேரம், என்ன சாப்பிட்டவர், சலம் எவ்வளவு, மலம் போனதோ, தோல் எப்பிடி, பிரசர், சீனி, குளிசை குடிச்சவரோ, கீழ கையெழுத்து. குளிசையை வீட்டாக்களோ பாமசியோ நேரம் பிரிச்சு பெட்டியில போட்டு வைக்கட்டும், உங்கட ஆள் பெட்டியில இருக்கிறதை எடுத்துக் குடுக்கிறது மட்டும்தான். அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டு போனால் டொக்டருக்கும் உதவி.

காசுக் கணக்கை எல்லாரும் அந்தரப்பட்டுத்தான் கேப்பினம், ஒரு உதாரணம் போடுறன், உங்கட ஊர் நிலவரத்துக்கு மாத்திக்கொள்ளுங்கோ. காலமை மூண்டு மணித்தியாலம் எண்டா போற அக்காவுக்கு 1,500, போக்குவரத்து 300, கிளவுஸ் சவுக்காரம் 150, போனுக்கும் கொப்பிக்கும் 50, உங்களுக்கு 500, எல்லாமாய் 2,500 ரூபா. லண்டனில இருக்கிற மகன் யோசிக்காமல் குடுப்பார், கூலி வேலை செய்யிற மகன் குடுக்கமாட்டார். நான் சொல்லுறது, வெளிநாட்டுக் காசு எண்டு ஒரு விலையும் ஊர்க் காசு எண்டு ஒரு விலையும் வைக்காதேங்கோ, அது எப்பிடியும் தெரியவரும். மணித்தியாலத்துக்கு ஒரே விலை, ஆனா ஏலாத வீட்டுக்கு கிழமைக்கு ரெண்டு நாள் மட்டும் போய், மிச்ச நாளில எப்பிடிப் புரட்டிறது, எப்பிடிக் குளிக்க வாக்கிறது எண்டு அந்த வீட்டாக்களுக்கே பழக்கி விடுங்கோ. உங்கட 500 ஐ விட்டுக் குடுக்கலாம், அக்காவின்ர 1,500 இல கை வைக்காதேங்கோ.

எல்லா வீட்டோடயும் ஒரு பக்கத்தில ஒப்பந்தம் எழுதுங்கோ. என்ன செய்வம், என்ன செய்யமாட்டம், எத்தினை மணி, எவ்வளவு காசு, எந்தத் திகதிக்கு முதல் போடோணும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற முடிவை ஆர் எடுக்கிறது, ரெண்டு போன் நம்பர், நிப்பாட்டிறதெண்டா ரெண்டு கிழமைக்கு முதல் சொல்லுறது. நினைவா இருக்கிற ஐயா அம்மா எண்டா அவையே கையெழுத்து வைக்கோணும், கனடாவில இருக்கிற மகள் மட்டும் காணாது. வீடியோ கோலும் அப்பிடித்தான், குளிக்க வாக்கேக்கயும் உடுப்பு மாத்தேக்கயும் போன் ஓனில இருக்கக்கூடாது, மற்ற நேரமும் "அம்மா, மகளுக்குக் காட்டட்டோ" எண்டு கேட்டுப்போட்டுத்தான். காசு பாங்கில மட்டும் வாங்குங்கோ. ஆச்சியின்ர ஏரிஎம் கார்ட், பின் நம்பர், பாங்க் புத்தகம் ஒண்டையும் தொடாதேங்கோ. காப்பு, சங்கிலி, தோடு என்னென்ன போட்டிருக்கிறா எண்டு முதல் நாளே வீட்டாக்களுக்கு முன்னால எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்சால் பிறகு ஒரு கதையும் வராது.

பாதுகாப்பு. புது வீட்டுக்கு முதல் முறை ரெண்டு பேராப் போங்கோ. தனிய இருக்கிற ஆம்பிளை எண்டா குளிக்க வாக்கிற நேரம் வீட்டு ஆள் ஒராள் நிக்கோணும் எண்டு ஒப்பந்தத்திலயே போடுங்கோ. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் எண்டா பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு ஒருத்தரையும் ஸ்கூட்டியில அனுப்பாதேங்கோ, யானை றோட்டுக்கு வாற நேரம், மாரியில இன்னும் வெள்ளன இருட்டும். ஆருக்காவது வீட்டில ஒரு சங்கடம் நடந்தால் அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போகத் தேவையில்லை எண்டு அவைக்கு முதலே சொல்லி வையுங்கோ, பெண்களுக்கான உதவி நம்பர் 1938.

கடைசியா, நீங்கள் படிச்சு முடிக்கேக்க அப்பொயின்ற்மென்ற் எங்க வருமெண்டு தெரியாது, அம்பாறையா இருக்கலாம், கண்டியா இருக்கலாம். அதால மூண்டாம் வருசம் தொடங்கேக்கயே அக்காமாரில ஒராளுக்கு கணக்கு, கொப்பி, வீட்டாக்களோட கதைக்கிறது எல்லாம் பழக்குங்கோ, சோதினைக்கு முதலே பதிவையும் பாங்க் எக்கவுண்டையும் அவவின்ர பேருக்கு மாத்திறதுக்கு பிரதேச செயலகத்தில கேளுங்கோ. கடிதம் வந்த உடன எல்லா வீட்டுக்கும் நேரில போய் அவவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கோ, போனில சொல்லாதேங்கோ.